வீட்டு அலாரத்தில் மைக்ரோகன்ட்ரோலர் கொதிக்கிறதா? சூடு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும் முழு வழிகாட்டி

போன வருடம் கத்திரி வெயில் நேரம். நங்கநல்லூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடி ஹெட்ரூமில் நானே கட்டி மாட்டியிருந்த திருட்டு அலாரம், பிற்பகல் இரண்டு மணி வாக்கில் தானாக அலறத் தொடங்கியது. திருடன் இல்லை, பூனை இல்லை, காக்கா கூட இல்லை. ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்து போர்டைத் தொட்டேன். விரல் சுட்டுவிட்டது. பக்கத்து வீட்டு மாமி கைப்பிடிச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஏம்ப்பா, திருடன் வந்தா கத்தும்னு சொன்னே, இது வெயில் வந்தா கத்தறதே!" என்றார்.

சூடு என்றதும் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். அலாரத்தின் மூளையான கன்ட்ரோலர் சிப் தலையில் ஒரு சின்ன ஹீட்சிங்கை (சூட்டை இழுத்துக் காற்றில் விடும் உலோகத் துண்டு) ஒட்டினேன். மறுநாளும் கத்தியது. அதே போர்டின் 5 வோல்ட் பின்னிலிருந்து ஒரு குட்டி ஃபேனுக்கு லைன் கொடுத்தேன். இப்போது ஒரு மணிக்கே கத்தியது. ஃபேன் வைத்த பிறகு ஏன் சீக்கிரம் கத்துகிறது என்று எனக்கு அப்போது புரியவில்லை. இதை முழுக்கப் படித்தால் உங்களுக்குப் புரிந்துவிடும்.

மூன்று வாரம் கழித்து, சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் பெரிய ஹீட்சிங்க் கேட்டேன். கடைக்கார அண்ணன் எதையும் எடுத்துத் தரவில்லை. "தம்பி, சூடாகறது சிப்பா, ரெகுலேட்டரா?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. "தொட்டுப் பாத்துட்டு வா" என்று அனுப்பிவிட்டார்.

கன்ட்ரோலர் சிப் வைத்துத் தயாராகக் கிடைக்கும் ஆர்டுயினோ ஊனோ, நானோ வகை போர்டுகளை மனதில் வைத்து எழுதுகிறேன். வைஃபை உள்ள நோட்எம்சியு, ஈஎஸ்பி32 போர்டுகள் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

எவ்வளவு சூடு இயல்பு?

ஊனோவில் இருக்கும் ஏடிமெகா 328பி சிப், 5 வோல்ட்டில் 16 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும்போது தனக்காக எடுத்துக்கொள்வது சுமார் 10 மில்லி ஆம்பியர்தான். ஐந்தை 0.01 ஆல் பெருக்கினால் 0.05 வாட். இந்த அளவில் சிப்பைத் தொட்டால் அறையின் சூட்டுக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. ஆகவே அந்தச் சிப் சுடுகிறது என்றால் அது தன் வேலையைச் செய்து சூடாகவில்லை. அதன் வழியாக வேறு யாரோ கரன்ட் இழுக்கிறார்கள், அல்லது உள்ளே தள்ளுகிறார்கள். யார் என்று கண்டுபிடிப்பதுதான் மொத்த வேலையும்.

வைஃபை உள்ள சிப்களுக்கு இந்தக் கணக்கு வேறு. நோட்எம்சியுவில் இருக்கும் ஈஎஸ்பி8266 வைஃபை இணைப்பில் இருக்கும்போது சராசரியாக 70, 80 மில்லி ஆம்பியர் எடுக்கும். சிக்னல் அனுப்பும் கணத்தில் 170ஐத் தொடும். ஈஎஸ்பி32 அந்தக் கணத்தில் 240 வரை போகும். அதன் தகர மூடி வெதுவெதுப்பாக இருப்பது கோளாறு இல்லை. விரலை வைத்தபடி பத்து வரை எண்ண முடிந்தால் விட்டுவிடலாம்.

விரல் ஒரு நல்ல கருவிதான். சுமார் 60 டிகிரிக்கு மேல் போனால் ஓரிரு விநாடிக்கு மேல் விரலை வைத்திருக்க முடியாது. நெற்றியில் காட்டும் காய்ச்சல் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. அது மனித உடம்பின் சூட்டை ஒட்டிய எல்லைக்குள் மட்டும் காட்டும்படி செய்தது. தொழிற்சாலை வகை இன்ஃப்ராரெட் கன் இருந்தால் நல்லது, ஆனால் பளபளக்கும் உலோகத்தில் அது குறைவாகக் காட்டி ஏமாற்றும். அந்த இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, டேப்பைப் பார்த்து அளக்க வேண்டும்.

கை வைக்கும் முன்

சைரன் வயரைக் கழற்றிவிடுங்கள். காதுக்காகவும் மாமிக்காகவும். அலாரத்தின் ரிலே (கரன்ட் கொடுத்தால் காந்தம்போல் இழுத்துக்கொள்ளும் சுவிட்ச்) வீட்டு 230 வோல்ட் விளக்கை எரிய வைக்கிறது என்றால் மெயின் போர்டில் அந்த லைனின் எம்சிபி சுவிட்சை இறக்கிவிட்டு, டெஸ்டரால் பார்த்துவிட்டுத்தான் பெட்டிக்குள் விரல் போக வேண்டும். இதில் சமாளித்துக்கொள்ளலாம் என்ற பேச்சே வேண்டாம்.

பேக்கப்புக்கு 12 வோல்ட் 7 ஆம்பியர் ஹவர் பேட்டரி வைத்திருப்பீர்கள். "பன்னிரண்டு வோல்ட்தானே" என்று அலட்சியமாக இருப்பது தவறு. ஷாக் அடிக்காதுதான். ஆனால் ஷார்ட் ஆனால் மெல்லிய வயரைப் பழுக்கக் காய்ச்சும் அளவுக்குக் கரன்ட் தரும். மோதிரம், கைச்சங்கிலியைக் கழற்றி வையுங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டி 2 அல்லது 3 ஆம்பியர் ஃபியூஸ் இல்லையென்றால், சூடு தேடும் வேலையை நிறுத்திவிட்டு முதலில் அதைப் போடுங்கள்.

முதல் படி: எந்தப் பாகம் சுடுகிறது?

"போர்டு சுடுகிறது" என்பது பதில் இல்லை. போர்டில் ஒரு பாகம்தான் சுடும், மற்றவை அதன் சூட்டை வாங்கிக்கொள்ளும். ஊனோவில் அடாப்டர் சொருகும் வட்டத் துளைக்குப் பக்கத்தில், ஒரு பக்கம் மூன்று கால், மறுபக்கம் அகலமான ஒரு தகடு என்று சின்னக் கறுப்புப் பாகம் இருக்கும். அதுதான் உள்ளே வரும் வோல்ட்டை ஐந்தாகக் குறைக்கும் ரெகுலேட்டர். நீளமாக இருபத்தெட்டுக் கால்களோடு இருப்பது கன்ட்ரோலர். யுஎஸ்பி பக்கம் இன்னொரு சிப்.

போர்டு குளிர்ந்த பிறகு பவர் கொடுத்து, முதல் ஒரு நிமிடத்துக்குள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். நேரம் போகவிட்டால் செம்பு வழியாகச் சூடு பரவி எல்லாம் ஒரே மாதிரி சுடும். விரலால் பிரித்தறிய முடியாத அளவுக்கு நெருக்கமாக இருந்தால், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு மெல்லிய படலமாகத் தடவுங்கள். எந்த இடம் முதலில் காய்கிறதோ அங்கேதான் சூடு. மொபைல் ரிப்பேர் கடைகளில் ரோசின் (சால்டரிங் பிசின்) புகையைப் படியவிட்டுச் செய்வதும் இதே வித்தைதான். ஆல்கஹால் எரியக்கூடியது; ரிலே பக்கம் கொண்டு போகாதீர்கள், பக்கத்தில் சால்டரிங் அயர்ன் சூடாக இருக்கக் கூடாது.

நான் தொட்டுப் பார்த்தபோது, ஹீட்சிங்க் ஒட்டியிருந்த சிப் சாதாரணமாக இருந்தது. ரெகுலேட்டர் கொதித்தது. மூன்று வாரமாகத் தலைவலிக்காரனின் காலுக்குத் தைலம் தேய்த்திருக்கிறேன்.

இரண்டாம் படி: எப்போது சுடுகிறது?

பவர் கொடுத்த ஐந்து, பத்து விநாடிக்குள் தொட முடியாத சூடு என்றால் ஷார்ட், அல்லது பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது, அல்லது ஏதோ ஒரு பாகம் செத்துவிட்டது. உடனே பவரைப் பிடுங்குங்கள். பத்து இருபது நிமிடத்தில் மெதுவாக ஏறினால் பெரும்பாலும் ரெகுலேட்டர் தன் சக்திக்கு மேல் சுமக்கிறது. ரிலே இழுக்கும்போது மட்டும் சிப் சுட்டால் அதை ஓட்டும் பின்னைப் பாருங்கள். நேற்று வரை நன்றாக இருந்தது, இடி மின்னலுக்குப் பிறகு அல்லது போர் மோட்டார் போட்டதிலிருந்து சுடுகிறது என்றால் வெளி வயர் வழியாக ஏதோ உள்ளே வந்திருக்கிறது. மத்தியானம் மட்டும் கோளாறு, கடல் காற்று வந்ததும் சரியாகிறது என்றால், எல்லையின் ஓரத்தில் ஓடிக்கொண்டிருக்கிற ஒரு பாகத்தை வெயில் பிடித்துத் தள்ளுகிறது. என்னுடையது இந்தக் கடைசி ரகம்.

மூன்றாம் படி: கரன்ட்டை அளப்பது

இதைத் தவிர்த்துவிட்டுப் பாகங்களை மாற்றிக்கொண்டே போகிறவர்கள் நிறையப் பேர். மல்டிமீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றுங்கள். போர்டுக்குப் போகும் பாசிட்டிவ் வயரைப் பிரித்து அந்த இடைவெளியில் மீட்டரை வையுங்கள். அளந்து முடிந்ததும் சிவப்பு வயரைப் பழைய துளைக்கே மாற்றிவிட வேண்டும். மறந்து அப்படியே பேட்டரி வோல்டேஜ் பார்க்கப் போனால் மீட்டரே ஷார்ட் வயராகிவிடும். நான் இரண்டு தடவை செய்திருக்கிறேன். பேட்டரி ஃபியூஸ் வேண்டும் என்று மேலே வற்புறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது ஒரு தாளில் வரவேண்டிய கணக்கை எழுதுங்கள். ஊனோ போர்டு வெறுமனே ஓட சுமார் 50 மில்லி ஆம்பியர். நீலப் பெட்டி போல இருக்கும் 5 வோல்ட் ரிலேயின் காயில் (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்) 70 ஓம்; ஐந்தை எழுபதால் வகுத்தால் இழுத்திருக்கும் ஒவ்வொரு ரிலேக்கும் 71 மில்லி ஆம்பியர். ஆள் நடமாட்டத்தை உணரும் எச்சி-எஸ்ஆர்501 (HC-SR501) பிஐஆர் சென்சார் மில்லி ஆம்பியரில் கணக்கு வைக்கும் அளவுக்கே எடுக்காது. காந்தம் வைத்த கதவு ரீட் சுவிட்சும் அப்படியே. எல்இடி ஒன்றுக்குப் பத்து, சின்ன பஸ்ஸருக்கு முப்பது என்று வைத்துக்கொள்ளலாம்.

தாளில் 130 வந்து மீட்டர் 300 காட்டினால், அந்த மிச்சம் 170தான் உங்கள் திருடன். சென்சார் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு முறையும் மீட்டரைப் பாருங்கள். எதைக் கழற்றும்போது எண் சட்டென விழுகிறதோ அந்த வயரைப் பிடித்துக்கொண்டு போங்கள். எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் 50க்கு மேலே நிற்கிறதென்றால் கோளாறு போர்டுக்குள்ளேயே இருக்கிறது.

தாளும் மீட்டரும் ஒத்துப்போய், ஆனாலும் சுடுகிறதா? அப்போது எதுவும் கெட்டுப்போகவில்லை. நீங்கள் வடிவமைத்த விதமே சூடாக்குகிறது.

நான்காம் படி: ரெகுலேட்டர் கணக்கு

போர்டில் இருப்பது லீனியர் ரெகுலேட்டர். பன்னிரண்டு வோல்ட்டை ஐந்தாக்க அது செய்வது ஒன்றே ஒன்று: மிச்ச வோல்ட்டைச் சூடாக்கி வெளியே விடும். உள்ளே வரும் வோல்ட்டிலிருந்து ஐந்தைக் கழித்து, ஓடும் கரன்ட்டால் பெருக்கினால் அது எரிக்கும் வாட் கிடைக்கும்.

என் அலாரத்தை எடுத்துக்கொள்வோம். சார்ஜரோடு சேர்ந்த 12 வோல்ட் பேட்டரி என்றாலும் ஃப்ளோட் சார்ஜில் (நிரம்பிய பிறகும் சார்ஜர் விடாமல் பிடித்திருக்கும் நிலை) அது 13.5 முதல் 13.8 வோல்ட்டில் நிற்கும். அதை நேராக, போர்டில் வெளிப் பவர் வாங்கும் வின் (Vin) பின்னில் கொடுத்திருந்தேன். இரண்டு ரிலே, ஒன்று சைரனுக்கு, ஒன்று மாடி விளக்குக்கு. இரண்டும் எப்போதும் இழுத்தே இருக்கும்படி வைத்திருந்தேன். அது தவறில்லை, வேண்டுமென்றே செய்தது. திருடன் வயரை அறுத்தாலோ போர்டைப் பிடுங்கினாலோ ரிலே விடும், விட்டவுடன் சைரன் கத்தும் என்ற பாதுகாப்பு ஏற்பாடு. ஆனால் அதற்கு இருபத்து நான்கு மணி நேரமும் 142 மில்லி ஆம்பியர் போய்க்கொண்டே இருக்க வேண்டும். போர்டுக்கு 50 சேர்த்தால் சுமார் 190. 13.8இல் 5 போக 8.8. அதை 0.19ஆல் பெருக்கினால் 1.67 வாட்.

கேட்கச் சின்னதாக இருக்கிறது. ஆனால் சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லாத அந்தப் பாகம், சின்ன போர்டில் ஒவ்வொரு வாட்டுக்கும் உள்ளுக்குள் 60 டிகிரிக்கும் மேல் ஏறும். 1.67 வாட்டுக்குக் குறைந்தது 100 டிகிரி. சிமென்ட் ஷீட் போட்ட ஹெட்ரூமில் மூடிய பெட்டிக்குள் மே மாதப் பிற்பகலில் 48 டிகிரி அளந்தேன். இரண்டையும் கூட்டினால் 150 டிகிரியைத் தொடுகிறது, அதையும் தாண்டலாம். அந்தச் சூட்டுக்கும் மேலே போனால் ரெகுலேட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்துவிடும். 5 வோல்ட் போய்விட்டது, ரிலே விட்டுவிட்டது, சைரன் கத்திவிட்டது. அலாரம் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது! "பவர் போய்விட்டது, யாரோ வயரை அறுத்துவிட்டார்கள்" என்று தினமும் இரண்டு மணிக்கு ஊருக்குச் சொல்லியிருக்கிறது. நான் வைத்த ஃபேன் அதே ரெகுலேட்டர் தோளில் இன்னும் 100 மில்லி ஆம்பியருக்கு மேல் ஏற்றியது. அதனால்தான் ஒரு மணிக்கே கத்தியது.

தீர்வு, பக் கன்வர்ட்டர். எல்எம்2596 சிப் வைத்த சின்ன மாட்யூல் ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும். இது மிச்ச வோல்ட்டை எரிப்பதில்லை, விநாடிக்கு ஒன்றரை லட்சம் முறை சுவிட்ச் போட்டு அணைத்து மாற்றித் தருகிறது. 80 சதவீதம் திறன் என்று வைத்தாலும் என் 0.95 வாட் சுமைக்கு இது வீணாக்குவது கால் வாட் அளவுதான். 1.67 எங்கே, 0.24 எங்கே. அந்தக் கால் வாட்டையும் போர்டுக்கு வெளியே, தனி மாட்யூலில் விடுகிறது.

இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது, மெதுவாகப் படியுங்கள். புது மாட்யூலின் வெளி வோல்டேஜ் கடையிலிருந்து வரும்போது எதுவாகவும் இருக்கலாம். போர்டை இணைக்காமல் உள்ளே 12 வோல்ட் கொடுத்து, வெளியே மீட்டரை வைத்து, மாட்யூலில் இருக்கும் குட்டி நீலப் பெட்டியின் மேலிருக்கும் பித்தளை ஸ்க்ரூவைத் திருப்பி 5.0 வோல்ட்டுக்குக் கொண்டு வாருங்கள். சில சமயம் பத்துப் பன்னிரண்டு சுற்று வரை எதுவுமே நகராது, பயப்படாமல் சுற்றுங்கள். பிறகு ஸ்க்ரூ நகராமலிருக்க ஒரு சொட்டு நெயில் பாலிஷ். அதன் பிறகே ஊனோவின் 5 வோல்ட் பின்னில் இணைக்க வேண்டும். இந்தப் பின் ரெகுலேட்டரைத் தாண்டி நேராகச் சிப்புக்குப் போகிறது. இங்கே 12 வோல்ட் பட்டால் சிப், யுஎஸ்பி எல்லாம் ஒரே கணத்தில் போய்விடும். இப்படி இணைத்திருக்கும்போது யுஎஸ்பி கேபிளையும் சேர்த்துச் சொருகாதீர்கள். புரோகிராம் மாற்ற வேண்டுமானால் கன்வர்ட்டர் வயரைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.

7805 போட்டு ஹீட்சிங்க் வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். போதும், சூடு அங்கே இடம் மாறும். ஆனால் அதே 1.67 வாட் அதே பெட்டிக்குள்தான் சுற்றும். பெட்டி நிழலில், காற்றோட்டமாக இருந்தால் செய்யலாம். ஹெட்ரூமில் வேண்டாம்.

ஐந்தாம் படி: சிப்தான் சுடுகிறது என்றால்

ரெகுலேட்டர் சும்மா இருக்கிறது, சிப் சுடுகிறது. இது இன்னும் கவலைப்பட வேண்டிய நிலை, ஏனென்றால் உள்ளே சேதம் நடந்துகொண்டிருக்கிறது.

இந்தச் சிப்பின் ஒரு பின் தாங்கக்கூடிய உச்ச வரம்பு 40 மில்லி ஆம்பியர்; நிம்மதியாக 20 வரைக்கும் கேட்கலாம். எல்லாப் பின்களும் சேர்ந்து 200ஐத் தாண்டக் கூடாது. முதலில் பார்த்த ரிலே காயில் 71 கேட்கிறது. அதை நேராகப் பின்னில் கட்டினால் ரிலே இழுக்கவும் செய்யும், ஓடவும் செய்யும். சில வாரம் கழித்துத்தான் பின் சாகும். "வேலை செய்யுதே" என்று விட்டுவிடுவதால் வரும் வினை இது. சின்னக் கரன்ட்டை வாங்கிப் பெரிய கரன்ட்டைத் திறந்துவிடும் டிரான்சிஸ்டர் ஒன்று நடுவில் வேண்டும்: 2என்2222, அதன் பேஸ் காலுக்கு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு. டயோடில் வெள்ளிக் கோடு போட்ட பக்கம் பாசிட்டிவுக்கு. ரிலே விடும்போது காயில் திருப்பி உதைக்கும் வோல்டேஜை அது உள்வாங்கிக்கொள்ளும். ரெடிமேட் ரிலே மாட்யூலில் இதெல்லாம் இருக்கிறது. நான்கு ஐந்து ரிலே என்றால் பல டிரான்சிஸ்டர்கள் சேர்ந்த யுஎல்என்2003 சிப் ஒன்று போதும், டயோடும் அதற்குள்ளேயே உண்டு.

எந்தப் பின் அவதிப்படுகிறது என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று. அந்தப் பின்னை ஹை நிலையில் (5 வோல்ட் தரும்படி) வைத்து, கிரவுண்டுக்கும் அதற்கும் நடுவே வோல்டேஜைப் பாருங்கள். 4.8, 4.9 இருந்தால் சுகம். 20 மில்லி ஆம்பியர் இழுக்கும்போதுகூட 4.2க்குக் கீழே இறங்கக் கூடாது என்பது சிப்பைச் செய்தவர்களின் கணக்கு. 3.5 என்று காட்டினால் அந்தப் பின்னை யாரோ கழுத்தைப் பிடித்திருக்கிறார்கள்.

வயரிங் சரி, ஆனாலும் இப்படி என்றால் புரோகிராமைப் பாருங்கள். கதவு ரீட் சுவிட்ச் கட்டிய பின்னைத் தவறிப்போய் அவுட்புட் என்று அறிவித்து ஹை கொடுத்திருப்பீர்கள். கதவு மூடினால் சுவிட்ச் அந்தப் பின்னை நேராகக் கிரவுண்டில் தள்ளும். கதவு மூடியிருக்கும் நேரமெல்லாம் சிப் சுடும், திறந்தால் ஆறும். கதவைத் திறந்து வைத்தால் ஆறுகிற சூட்டைப் பார்த்து "காற்று வருவதால் ஆறுகிறது" என்று நினைத்துவிடாதீர்கள்! சுவிட்ச் பின்கள் எல்லாம் புரோகிராமில் இன்புட் புல்அப் (சிப் உள்ளிருந்தே பின்னை மெல்ல 5 வோல்ட் பக்கம் பிடித்திருக்கும் நிலை) என்று இருக்க வேண்டும். ஒவ்வொரு சுவிட்ச் வயரிலும் தொடராக 1 கிலோ ஓம் போட்டுவிட்டால் புரோகிராமில் தவறு செய்தாலும் 5 மில்லி ஆம்பியரோடு நின்றுவிடும்.

அடுத்தது உள்ளே தள்ளும் வகை. எந்தப் பின்னிலும் சிப்பின் சப்ளையைவிட அரை வோல்ட்டுக்கு மேல் வரக் கூடாது. 12 வோல்ட் சென்சார்களில் சில, வெளியேயும் 12 வோல்ட்டையே அனுப்பும். அது பின்னுக்கு வந்தால், உள்ளே இருக்கும் காவல் டயோடு வழியாகச் சிப்பின் 5 வோல்ட் லைனுக்குள் புகுந்து சூடாக்கும். சென்சாரை இணைக்கும் முன் அதன் அவுட்புட்டை மீட்டரில் பாருங்கள். எச்சி-எஸ்ஆர்501க்கு 12 வோல்ட் கொடுத்தாலும் வெளியே 3.3தான் வரும், அது பிரச்சினையில்லை. கடைகளில் கிடைக்கும் அலாரம் வகை பிஐஆர்களில் உள்ளே வெறும் ரிலே முனைதான், அதுவும் பிரச்சினையில்லை.

இந்தக் கோளாறுக்கு ஓர் அடையாளம் உண்டு. போர்டின் பவரைப் பிடுங்கிய பிறகும் எல்இடி மங்கலாக எரிந்துகொண்டிருந்தால், ஏதோ ஒரு சென்சார் வயர் பின்வாசல் வழியாகச் சிப்புக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருக்கிறது.

ஆறாம் படி: நீள வயர், இடி, மோட்டார்

கேட்டிலிருந்து ஹெட்ரூம் வரை இருபது மீட்டர் வயர் என்றால் அது சென்சார் வயர் மட்டுமில்லை, ஒரு ஏரியலும்கூட. ஐப்பசி, கார்த்திகையில் பக்கத்தில் எங்காவது மின்னல் விழுந்தால் அதில் ஒரு துடிப்பு ஏறும். அதைவிடச் சாதாரணமாக நடப்பது, எலக்ட்ரீஷியன் வசதிக்காகச் சென்சார் வயரையும் போர் மோட்டார் வயரையும் ஒரே பைப்பில் இழுத்துவிடுவது. எங்கள் வீட்டில் அப்படித்தான் இருந்தது. மோட்டார் போடும்போதெல்லாம் ஒரு துடிப்பு.

அந்தத் துடிப்பு சிப்பைக் கொல்லாவிட்டாலும் லாட்ச்-அப் என்ற நிலைக்குத் தள்ளலாம். சிப்புக்குள் சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு கதவு திறந்துகொண்டு, தானாக மூடாது. புரோகிராம் உறைந்துவிடும், சிப் கொதிக்கும், ரீசெட் பட்டன் உதவாது. பவரை முழுக்க நிறுத்தி மறுபடி கொடுத்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். மாதத்துக்கு ஒருமுறை இப்படி ஆகிறது என்றால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

வயர் போர்டுக்குள் நுழையும் இடத்திலேயே 1 கிலோ ஓம் தொடராக, அதற்கு அடுத்து, சிப்பின் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 5.1 வோல்ட் ஜீனர் (வோல்ட்டை அதற்கு மேல் ஏறவிடாத டயோடு) ஒன்றும் 100 நானோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றும். பெரும்பாலான வீட்டுக்கு இது போதும். வெட்ட வெளியில் ஓடும் வயருக்கு ஒளி வழியாக மட்டும் சிக்னலைக் கடத்தும் பிசி817 ஆப்டோகப்ளர் வைத்துப் பிரித்துவிடுவதே எனக்குப் பிடித்தது. மோட்டார் பைப்பிலிருந்து வயரை வெளியே எடுப்பது இது எல்லாவற்றையும்விடச் சிறந்தது, செலவும் இல்லை. சோம்பல்தான் தடை.

பெட்டியும் சென்னையும்

31 மே 2003 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அது நிழலில் அளந்தது. வெயில் படும் மூடிய இரும்புப் பெட்டிக்குள் அதைவிடப் பல டிகிரி கூடும். பெட்டியை மாடிப்படிக்குக் கீழே, உள்சுவரில் மாட்டுங்கள். காற்றுத் துளைகள் கீழேயும் பக்கத்திலும் இருக்கட்டும், மேலே வேண்டாம், ஒழுகும். துளைகளுக்குக் கொசுவலைத் துண்டு கட்டாயம். பல்லி உள்ளே போய் டெர்மினலில் குறுக்கே படுத்தால் என்ன ஆகும் என்பதை நான் பார்த்திருக்கிறேன், விவரிக்க விருப்பமில்லை. எறும்பும் இந்த வெதுவெதுப்பைத் தேடி வந்து குடித்தனம் நடத்தும்.

பெசன்ட் நகர், திருவான்மியூர், எண்ணூர் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக் காற்று தனித் தொல்லை. போர்டில் பச்சைக் களிம்பு பூத்து, அதன் மேல் ஈரம் சேர்ந்தால் பக்கத்துப் பக்கத்துக் கோடுகளுக்கு நடுவே கரன்ட் கசியும். பழைய பல் துலக்கும் பிரஷில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு, பிசிபி லாக்கர் (போர்டுக்கான காப்புப் பூச்சு) அடித்துவிடுங்கள். கனெக்டர்கள் மேல் லாக்கர் படாமல் டேப் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

பேட்டரியை அதே பெட்டியில் வைக்காதீர்கள். லெட் ஆசிட் பேட்டரி 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஏறத்தாழ ஆயுளில் பாதியை இழக்கும். இன்னொன்று, சூட்டோடு சம்பந்தமில்லாதது போலத் தோன்றும். பிஐஆர் சென்சார் பார்ப்பது மனித உடம்புக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தை. அறையே 36 டிகிரியில் இருக்கும் மே மாதத்தில் அதற்குக் கண் மங்கும். மாடிக் கதவுக்கு பிஐஆரை மட்டும் நம்பாமல் ரீட் சுவிட்சும் வையுங்கள்.

சிப்பை மாற்ற வேண்டுமா?

சூட்டின் காரணத்தை நீக்கிய பிறகு, எல்லா வயரையும் கழற்றி, போர்டை மட்டும் ஓட்டிப் பாருங்கள். 50 மில்லி ஆம்பியரைச் சுற்றி நின்றால் பிழைத்துக்கொண்டது. ஏதாவது ஒரு பின் மட்டும் ஹை, லோ ஒழுங்காக மாறவில்லை என்றால், அந்தப் பின்னை விட்டுவிட்டு அடுத்ததைப் பயன்படுத்தலாமே என்று தோன்றும். விளையாட்டு புராஜெக்டில் செய்யலாம். வீட்டைக் காவல் காக்கும் பெட்டியில் செய்யாதீர்கள். சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் நீளச் சிப் என்றால் அதை மட்டும் மாற்றலாம். பூட்லோடர் (யுஎஸ்பி வழியாகப் புரோகிராம் ஏற்ற உதவும் குட்டி மென்பொருள்) ஏற்றியது என்று கேட்டு வாங்குங்கள்.

கடைசிச் சோதனை

சைரனை வைத்துச் சோதித்தால் தெருவே கூடிவிடும். அதன் இடத்தில் பைக் இண்டிகேட்டர் பல்பு, 12 வோல்ட் 10 வாட், ஒன்றைக் கட்டுங்கள். சுமார் 0.8 ஆம்பியர் இழுக்கும், சத்தமே இல்லை. அலாரத்தைக் கிளப்பிவிட்டுப் பத்து நிமிடம் பல்பு எரியட்டும், அப்புறம் ரெகுலேட்டர், சிப், பக் கன்வர்ட்டர் மூன்றையும் தொட்டுப் பாருங்கள். பிறகு பெட்டியை மூடி, ஒரு முழு நாள் பல்போடேயே விடுங்கள். முக்கியமாகப் பிற்பகல் ஒன்றிலிருந்து நான்கு வரை. அந்த நேரத்தில் ஒருமுறை மோட்டாரையும் போட்டு நிறுத்துங்கள். மெயின் பவரை அணைத்து, பேட்டரியில் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். பல்பு தானாக ஒருமுறைகூட எரியவில்லை என்றால் சைரனை மறுபடி இணைக்கலாம்.

இணைத்த கையோடு ஒரு மார்க்கர் எடுத்து, பெட்டி மூடியின் உள்பக்கம் அன்றைய அளவுகளை எழுதிவையுங்கள். அடுத்த கோடையில் ஏதாவது சந்தேகம் வந்தால் மீட்டரை வைத்து இதோடு ஒப்பிட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். என் மூடியில் இருப்பது இது: "பிற்பகல் 2 மணி. பெட்டிக்குள் 41. 5 வோல்ட் லைன் 5.02. மொத்தம் 192 மில்லி ஆம்பியர். சிப் 43, கன்வர்ட்டர் 49. ஃபேன் கழற்றியாச்சு."